டிராக்டரா, குட்டி யானையா?
குடும்ப பட்ஜெட்டுக்குள் அடங்கும் வண்டி எது?

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் எந்த ஊர் டிராக்டர் ஷோரூமுக்குப் போனாலும் ஒரே காட்சிதான். சந்தனமும் குங்குமமும் வைத்த பானெட், நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம், சாவி வாங்கும் அப்பாவைச் செல்போனில் படமெடுக்கும் மகன். அந்தப் படத்தில் விழாத ஒன்று உண்டு. ஆறு மாதம் கழித்து வரப்போகும் முதல் டியூ.

இந்தியாவில் 2024-25ஆம் நிதியாண்டில் 9 லட்சத்துக்கும் அதிகமான டிராக்டர்கள் விற்றன. உலகிலேயே பெரிய டிராக்டர் சந்தை நம்முடையதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதம் 18 ஆனது. விலை இறங்கியதும், 'இப்போ வாங்காம எப்போ வாங்குறது?' என்ற பேச்சு டீக்கடை பெஞ்சு வரை வந்துவிட்டது.

வாங்கலாம். ஆனால் எதை, எதற்கு, யார் காசில்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் ஷோரூமில் கிடைக்காது. வீட்டு வரவு செலவு நோட்டில்தான் கிடைக்கும்.

முதலில் வீட்டுக் கணக்கு

மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒருவருக்கு மாதம் ஆகும் சராசரிச் செலவு 5,701 ரூபாய். அகில இந்தியக் கிராமச் சராசரி 4,122 ரூபாய்தான். நாலு பேர் உள்ள வீடு என்றால் மாதம் சுமார் 22,800 ரூபாய் இல்லாமல் நம் கிராமத்தில் குடித்தனம் நடக்காது. நாட்டின் கிராமச் செலவில் கிட்டத்தட்ட 47 சதவீதம் சாப்பாட்டுக்கே போகிறது. சாப்பாட்டைத் தாண்டிய செலவுகளில் முதலிடம் எதற்குத் தெரியுமா? போக்குவரத்துக்கு. சுமார் 7.6 சதவீதம். மருத்துவம், துணிமணி, வீட்டுச் சாமான் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ரேஷன் அரிசி, பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம், 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், 2023 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை என்று ஒவ்வொன்றும் வீட்டுச் சுமையைக் கொஞ்சம் குறைக்கிறது. இப்படிச் சிறுகச் சிறுக மிச்சமாவதை ஒரே ஒரு வண்டிக் கடன் மொத்தமாக விழுங்கிவிடும்.

இன்னொரு சிக்கல், வருமானம் வரும் தேதி. சம்பளக்காரருக்கு மாதம் பிறந்தால் பணம். விவசாயிக்குக் குறுவைப் பணம் ஒரு சமயம், சம்பாப் பணம் தை, மாசியில். கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பினால் 14 நாளில் பணம் தர வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. பாக்கிக்காக மாதக்கணக்கில் நடந்தவர்களிடம் அந்த ஆணையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பால் பணம் மட்டும்தான் ஏதோ ஒரு ஒழுங்கில் வந்துகொண்டிருக்கும்.

எனவே வண்டி பார்க்கப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று. கடந்த மூன்று ஆண்டுகளில் விளைச்சல் மோசமாக இருந்த ஆண்டின் வருமானத்தை எடுத்து எழுதுங்கள். நல்ல ஆண்டை எடுக்காதீர்கள். அதில் சாப்பாடு, பள்ளிக் கட்டணம், மருந்து, மொய், குழுக் கடன், நகைக் கடன் வட்டி எல்லாம் கழித்து மிஞ்சுவது எவ்வளவோ அதற்குள்தான் டியூ இருக்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டிலும் டியூ பொய்க்காது.

மணிக்கணக்கு பார்க்கிறதா டிராக்டர்?

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நில அளவு 0.75 ஹெக்டேர் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நாம் கொஞ்சம் தாராளமாக மூன்று ஏக்கர், இரண்டு போகம் உள்ள குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம்.

கலப்பை உழவு, ரோட்டவேட்டர், சேறடிப்பு எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 5 மணி நேரம் என்று வைத்தாலும், ஆண்டுக்கு மொத்தம் 30 மணி நேர வேலைதான். மணிக்கு 1,200 ரூபாய் வாடகை கொடுத்தால் 36,000 ரூபாய்.

இதையே சொந்த டிராக்டரில் போட்டுப் பார்ப்போம். 40 எச்.பி. டிராக்டர் 7 லட்சம், டிரெய்லர், கலப்பை, ரோட்டவேட்டருக்கு இரண்டரை லட்சம் என்று வையுங்கள். இரண்டரை லட்சம் கைப்பணம். மீதி 7 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் டியூ சுமார் 95,000 ரூபாய். ஆண்டுக்கு 1 லட்சத்து 90 ஆயிரம். மாதக் கணக்கில் பிரித்தால் 15,800 ரூபாய். வீட்டுச் செலவு 22,800 என்று மேலே பார்த்தோமே, அதில் முக்கால் பங்கை நெருங்கும் தொகை இது.

'வாடகைக்கு ஓட்டிக் கட்டிவிடலாம்' என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். அதையும் கணக்குப் பார்ப்போம். மணிக்கு 1,200 ரூபாய் வாடகையில் டீசல் நாலரை லிட்டர் 415 ரூபாய், டிரைவர் கூலி 150, ஆயில், டயர், ரிப்பேருக்கு 100 போனால் கையில் நிற்பது 535. டியூவோடு இன்சூரன்ஸையும் சேர்த்து ஆண்டுக்கு 2 லட்சம் என்றால், அதை அடைக்க மட்டும் சுமார் 375 மணி நேரம் ஓட வேண்டும். சொந்த நிலம் தருவது 30 மணி. மீதி 345 மணியை ஊரார் நிலத்தில் தேட வேண்டும். அதுவும் எல்லோரும் ஒரே வாரத்தில் உழவுக்குக் கூப்பிடும் பருவத்தில். உழவுக் கூலியில் பாதி, அறுவடை முடிந்த பிறகுதான் கைக்கு வரும் என்பது தனிக் கதை.

ஒரு டிராக்டர் ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓடினால்தான் முழுமையாகக் கட்டுப்படியாகும் என்பது வேளாண் பொறியாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அளவு. வீட்டுப் பையனே ஓட்டுகிறான், ஊரில் டிராக்டர் குறைவு, செங்கல் சூளையோ கரும்பு ஆலையோ பக்கத்தில் இருக்கிறது என்றால் அந்த அளவை எட்டலாம். ஏற்கெனவே பத்து டிராக்டர் நிற்கும் ஊரில் பதினோராவது வண்டி வாங்குகிறவர், யானையைக் கட்டித் தீனி போடத் தயாராகிறார் என்றுதான் அர்த்தம்.

சந்தைக்குப் போக டிராக்டர் வேண்டாம்

டிராக்டர் வாங்கியவர்கள் பலர் செய்யும் அடுத்த வேலை, எல்லாவற்றுக்கும் அதையே ஓட்டுவது. உர மூட்டைக்கும் டிராக்டர், உறவுக்காரர் வீட்டுச் சாமானுக்கும் டிராக்டர். உழவுக்காகப் பிறந்த இயந்திரம் தார்ச் சாலையில் டீசல் குடிக்கும்.

30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோக வேண்டும். போக வர 60 கிலோமீட்டர். டிராக்டரும் டிரெய்லரும் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டம், சுமார் 15 லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய் என்றால் 1,380 ரூபாய். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தரும் ஒரு பிக்கப் வண்டியில் அதே பயணம் சுமார் 425 ரூபாயில் முடியும். டயர் தேய்மானம் தனி. டிராக்டரின் பின் டயர் ஜோடி மாற்ற அரை லட்சத்தை ஒட்டிச் செலவாகும். சேற்றைக் கவ்வுவதற்காக வார்த்த அந்தக் கட்டைகள் தார்ச் சாலையில்தான் வேகமாகத் தேய்கின்றன.

2005இல் டாடா ஏஸ் வந்தபோது அதன் அளவைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. முக்கால் டன் பாரம், இரண்டு சிலிண்டர் இன்ஜின், குறுகிய தெருவிலும் திரும்பும் உடம்பு. தமிழ்நாடு அதற்கு 'குட்டி யானை' என்று பெயர் வைத்துத் தத்தெடுத்துக்கொண்டது. பிறகு 2011இல் அசோக் லேலண்ட் தோஸ்த், ஒன்றேகால் டன் பாரத்தோடு வந்தது. பொலிரோ பிக்கப் அதற்கும் மேலே. வாழைத்தார், பூ, பால், ஆடு, பந்தல் சாமான் என்று தினசரி ஏதோ ஒரு லோடு கிடைக்கும் ஊரில், இந்த வகை வண்டிதான் மாத டியூவை மாத வருமானத்திலேயே கட்ட வைக்கும்.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. ஆனால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று உண்டு. முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். லைசென்ஸ் குழப்பமும் தீர்ந்துவிட்டது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. எனும் இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதிப்படுத்தியது.

இதற்கும் கீழே ஒரு வண்டி இருக்கிறது. 1980இல் ஓசூரிலிருந்து கிளம்பிய டி.வி.எஸ். 50யின் வாரிசான எக்ஸ்.எல். பால் கேன், புல்லுக்கட்டு, ஒரு மூட்டை யூரியா, சமயத்தில் முன்னால் நிற்கும் பேரன். ஓர் ஏக்கர், இரண்டு மாடு உள்ள வீட்டுக்கு இதுவே போதுமான பார வண்டி. மற்றவை வாடகைக்குக் கிடைக்கும்.

நடுவில் நிற்கும் இருவர்

பெரிய டிராக்டருக்கும் வாடகைக்கும் நடுவே பவர் டில்லரும் மினி டிராக்டரும் இருக்கின்றன. பலர் கண்ணில் இவை படுவதே இல்லை. 13 எச்.பி. அளவுள்ள பவர் டில்லர் சேறடிக்கும், களையெடுக்கும், சின்ன டிரெய்லரையும் இழுக்கும். வரப்பு தாண்டித் தாண்டிப் போக வேண்டிய துண்டு வயல்களுக்கு ஏற்றது. ஆனால் பின்னால் நடந்தே ஓட்ட வேண்டும். நாள் முழுக்க அதன் அதிர்வைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும்.

18 முதல் 27 எச்.பி. வரையுள்ள மினி டிராக்டர், அகலம் குறைவு என்பதால் தென்னந்தோப்பிலும் திராட்சைப் பந்தலிலும் மஞ்சள் வயலிலும் புகுந்து வரும். ஒன்றரை டன் அளவுக்கு டிரெய்லர் பாரம் இழுக்கும் வேலையும் இதில் நடக்கும். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15இல் தொடங்கியதிலிருந்து இத்தகைய இயந்திரங்களுக்கும் கருவிகளுக்கும் 40 முதல் 50 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் தரப்படுகிறது. வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விண்ணப்பித்து ஒப்புதல் வந்த பிறகே வாங்க வேண்டும். பில் போட்டு வண்டியை ஓட்டி வந்துவிட்டுப் பிறகு மானியம் கேட்டால் கிடைக்காது.

இழுப்பது சுலபம், நிறுத்துவது?

வண்டி பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் 'எத்தனை எச்.பி.?' என்று கேட்கிறார்கள். 'எப்படி நிற்கும்?' என்று கேட்பவர் அபூர்வம். 40 எச்.பி. டிராக்டரின் சொந்த எடை ஏறக்குறைய இரண்டு டன். பின்னால் ஐந்து டன் பாரம். நம் ஊர் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. ஏழு டன்னையும் இரண்டு டன் டிராக்டரின் பின்சக்கரங்கள்தான் பிடித்து நிறுத்த வேண்டும். இறக்கத்தில் டிரெய்லர் முன்னே தள்ளும். டிராக்டர் குறுக்கே மடங்கிக் கவிழும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கத்தில் விடுகிறவர் உயிரைப் பந்தயம் வைக்கிறார். எந்த கியரில் மேடு ஏறினீர்களோ, அதே கியரில் இறங்க வேண்டும்.

டிராக்டரில் பிரேக் பெடல் இரண்டு. இடப்பக்கச் சக்கரத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. வயலில் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக் குறுகலாகத் திரும்புவதற்காக இந்த ஏற்பாடு. சாலையில் ஏறும் முன் இரண்டையும் இணைக்கும் சின்னக் கொக்கியைப் போட வேண்டும். போடாமல், அவசரத்தில் கால் ஒரு பெடலில் மட்டும் விழுந்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும். விரல் நீளமுள்ள அந்த இரும்புத் துண்டு துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் டிராக்டர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

இழுக்கும் கயிறோ சங்கிலியோ பின் அச்சுக்குக் கீழே, அதற்கென உள்ள இழுவைக் கம்பியில்தான் மாட்டப்பட வேண்டும். சேற்றில் சிக்கிய லாரியையோ மரத்தையோ இழுக்க, மேலே டாப் லிங்க் கொக்கியில் கட்டி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முன் சக்கரம் எழும்பி, டிராக்டர் ஓட்டுநர் மேலேயே மல்லாக்க விழும். தப்பிக்க நேரமே இருக்காது. டிரெய்லர் பின்னுக்குப் பூட்டு ஊசி, பின்பக்கம் சிவப்பு விளக்கு, ஒளிரும் ஸ்டிக்கர் மூன்றுக்கும் ஆகும் செலவு சில நூறு ரூபாய். இரவில் கரும்பு டிரெய்லர் மீது மோதி இறந்தவர்களின் செய்தியைப் படித்தவர்களுக்கு அந்தச் செலவு பெரிதாகத் தெரியாது.

நிலத்தைக் காக்கும் காகிதம்

டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் பாலிசியைப் பிரித்துப் படிக்க வேண்டும். டிரெய்லரும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா? விவசாய வேலைக்கு மட்டும் என்று பதிந்த வண்டியில் செங்கல், மணல் ஏற்றியபோது விபத்து நடந்தால் என்ன ஆகும்? டிராக்டரில் உட்கார ஒரே ஒருவருக்குத்தான் இடம். மட்கார்டில் உட்கார்ந்தவர், டிரெய்லரில் ஏறிய நடவுப் பெண்கள் யாருக்கும் பாலிசியில் இடமில்லை. இப்படிப்பட்ட வழக்குகள் சிலவற்றில் இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வசூல் என்றால் கடைசியில் நிலம்தான்.

பழைய வண்டி பாவமில்லை

டிராக்டர் இன்ஜின் முறையாக ஆயில் மாற்றினால் பல்லாயிரம் மணி நேரம் உழைக்கும். அதனால் நல்ல பழைய வண்டி, கடன் சுமையைப் பாதியாக்கும். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளிக்கொண்டு வருகிறதா? நீலப் புகை வருகிறதா? ஹைட்ராலிக்கில் ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சில நிமிடத்தில் தானாக இறங்கினால் பம்ப்பிலோ சீலிலோ கோளாறு. மணி காட்டும் மீட்டரை நம்ப வேண்டாம். பிரேக் பெடல் தேய்மானத்தைப் பாருங்கள், அது பொய் சொல்லாது. ஆர்.சி. புத்தகத்தில் கடன் அடமானக் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

சேர்ந்தால் கட்டுப்படியாகும்

வேளாண் பொறியியல் துறை, உழவன் செயலி வழியே இ-வாடகைத் திட்டத்தில் டிராக்டரை மணிக்கு 500 ரூபாய் என்ற அளவில் தருகிறது. தனியாரிடம் அதே வேலைக்கு ஆயிரத்துக்கு மேல். பருவத்தில் காத்திருக்க வேண்டும், வண்டிகள் குறைவு என்ற குறை நியாயமானதுதான். முன்கூட்டியே பதிவதுதான் வழி.

இன்னொரு வழி கூட்டு. 2017-18இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 பேர் கொண்ட ஐந்து குழுக்கள் சேர்ந்து 100 பேர் ஆனதும், இயந்திரம் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி கிடைத்தது. யார் முதலில் உழுவது, ரிப்பேரை யார் பார்ப்பது என்று எழுதி வைத்து நடத்தினால்தான் கூட்டு வண்டி நிலைக்கும். வாய்ப் பேச்சில் நடத்தினால் முதல் மழையிலேயே சண்டை.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். கறிச் சோறு போட்டு, விழும் மொய்யை முதலாக வைத்து ஆழ்துளைக் கிணறும் வண்டியும் வாங்குவது அந்தப் பகுதி வழக்கம். வட்டியில்லை. ஆனால் விழுந்த ஒவ்வொரு ரூபாயும் நோட்டில் இருக்கிறது. பின்னாளில் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். அதுவும் கடன்தான், பெயர் மட்டும் வேறு.

யாருக்கு எது?

- 2 ஏக்கருக்குள், மாடு உண்டு: எக்ஸ்.எல். சொந்தம், உழவு வாடகை.
- 3 முதல் 5 ஏக்கர், துண்டு வயல் அல்லது தோப்பு: மானியத்தில் பவர் டில்லர் அல்லது மினி டிராக்டர்; வாடகைக்குக் கிடைத்தால் அதுவும் வேண்டாம்.
- காய்கறி, பூ, பால் என்று தினசரி லோடு உள்ளவர்: குட்டி யானை அல்லது பிக்கப். மாத டியூ.
- 8 ஏக்கருக்கு மேல் நன்செய், கூடவே ஆண்டுக்கு 400 மணி நேர வாடகை ஓட்டம் உறுதி: 35 முதல் 45 எச்.பி. டிராக்டர். அறுவடையை ஒட்டிய அரையாண்டு டியூ.
- வருமானம் நிச்சயமில்லை, ஆனால் டிராக்டர் இல்லாமல் முடியாது: நல்ல பழைய வண்டி, அல்லது நாலு பேர் கூட்டு.

வாசலில் டிராக்டர் நின்றால் மதிப்பு, பெண் கொடுப்பார்கள் என்ற பேச்சு இன்னும் ஊரில் இருக்கிறது. டியூ தவறி வண்டியைத் தூக்கிப் போகும்போது அந்த மதிப்பு என்ன ஆகிறது என்பதையும் ஊர் பார்த்திருக்கிறது. வண்டி பார்க்கப் போகும் அன்று, செலவு நோட்டை எழுதும் வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள். டீலர் விலை சொன்ன பிறகு, 'நமக்கு வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை?' என்று அவர் கேட்கட்டும். பதில் இல்லையென்றால் அன்று கையெழுத்துப் போடாமல் வீடு திரும்புங்கள்.